கருகமணி கட்டும்போது கேமரா யார் கையில்

சாதிக்,

ஸலாம். நீ அனுப்பிய பார்சல் நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தது. வந்ததா என்று நீ கேட்கவில்லை, வந்தது என்று நானும் சொல்லவில்லை. போன வாரம் போனில் நாம் பேசியது எங்கே போய் முடிந்தது என்று உனக்கும் தெரியும். நீ பாதியில் வைத்துவிட்டாய். வாயால் பேசினால் எனக்குக் குரல் ஏறிவிடுகிறது, உனக்கும் என் குரல்தான் வாய்த்திருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். மூணாற்றில் படம் எடுக்கிற வேலை முடிந்து, ஜீப்பிலிருந்து பையை இறக்கி, அறைக்குப் போய்ச் சாப்பிட்ட பிறகு இதைப் படி. பசியோடு படித்தால் அம்மா சொல்வதெல்லாம் குற்றமாகத்தான் தெரியும். உன் அத்தாவுக்கும் அதே பழக்கம் இருந்தது.

பெட்டியைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது, ஆட்டோஃபோகஸ் லென்ஸ். என் கேமராவுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாய். என் பழைய லென்ஸும் எண்பத்தைந்து மில்லிமீட்டர், இதுவும் எண்பத்தைந்து. அதைக் கையில் எடுத்தால் அம்மிக் குழவி மாதிரி கனக்கும், வளையத்தை விரலால் திருப்பித்தான் படத்தைத் தெளிவாக்க வேண்டும். இது காலி டப்பா மாதிரி இருக்கிறது, தெளிவாக்கும் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. உன் கல்யாணத்துக்குப் பெண்கள் பக்கம் நானே எடுக்கிறேன், என் லென்ஸிலேயே எடுக்கிறேன் என்று அவ்வளவு சொல்லியும் இவன் பிடித்த பிடியை விடவில்லையே என்று. பெட்டியை மூடி அலமாரி மேலே வைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டேன்.

நாம் சண்டை போட்டதை நினைத்துப் பார்க்கிறேன். அது லென்ஸில்தான் ஆரம்பித்தது. "இந்தக் காலத்துல போயி வளையத்தத் திருப்பிட்டு இருப்பீங்களாம்மா? கண்ண அதுவே தேடிப் புடிச்சுக்கும்" என்றாய். "யார் கண்ண?" என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய், நான் சிரிக்கவில்லை. பிறகு பேச்சோடு பேச்சாக, "செரி, கருகமணி கட்டறப்ப யாரு எடுப்பா?" என்றாய். "நான்தான். வேற யாரு?" என்றேன். "அப்ப கட்டறது?" "மாமி கட்டுவாங்க." உடனே நீ, "நீங்க கேமராவுக்குப் பின்னாடி போயி ஒளிஞ்சுக்கப் பாக்கறீங்க" என்று சொன்னாய். அதற்குப் பிறகுதான் வைத்தாய்.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. ஆண்கள் பக்கம் நிக்காஹ் முடிந்து துஆ ஓதியதும், பெண்கள் பக்கம் மாப்பிள்ளையின் அம்மா வந்து பெண்ணின் கழுத்தில் தாலியாகக் கருகமணி கட்டுவாள். அந்த அம்மா புருஷனை இழந்தவளாக இருந்தால் ஒதுங்கிக்கொள்வாள், புருஷன் உள்ள வேறொருத்தி கட்டுவாள். கிதாபில் அப்படி ஒன்றும் இல்லை. நிக்காஹ் ஓதி வைக்கிற உஸ்தாதைக் கேட்டால், பெற்றவளே கட்டலாம் என்றுதான் சொல்வார். ஆனால் அந்த நேரத்தில் உஸ்தாத் ஆண்கள் பக்கம் இருப்பார், இந்தப் பக்கம் இருப்பது மண்டபம் நிறையப் பெண்கள். தேதி குறித்த அன்றைக்கே உன் மாமி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, "கருகமணிய நான் கட்டிக்கறேன் புள்ள. நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. உன் அத்தாவின் கூடப்பிறந்த அக்கா, என்னைத் தங்கச்சி மாதிரி வைத்திருப்பவர். எவளாவது ஏதாவது சொல்லி நான் அந்த இடத்தில் கூனிக் குறுகி நிற்கக் கூடாது என்று முந்திக்கொண்டார். நானும் "செரிங்க மதினி, நான் படம் எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். எங்கள் இருவருக்கும் ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. நீ வந்துதான் அதைக் கெடுத்தாய்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் தொங்கும் திரைச்சீலையால்தான். உன் அத்தா வேலந்தாவளத்தில் ஸ்டுடியோ போட்ட புதிதில், சந்தைக்கு மாடு கொண்டு வருகிறவர்கள்கூட நின்று ஒரு பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். ஆனால் நம்மவர்கள் கல்யாணம் என்றால் பாதிக் கல்யாணத்துக்குத்தான் அவருக்கு வேலை. பெண்கள் பக்கம் அவர் கால் வைக்க முடியாது. "ஏனுங்க, உங்க ஊட்ல இருக்கறவங்களுக்கு எடுக்கத் தெரியாதுங்களா?" என்று ஒரு வீட்டில் கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அந்தக் கல்யாணத்தன்று நான் கேமராவோடு திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றேன், அவர் அந்தப் பக்கம் நின்றார். லென்ஸின் வளையத்தை அவரே திருப்பி வைத்து, அசையாமல் இருக்க ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தார். "நம்ம கட்டில் நீளம், அதுக்கு மேல ஒரு சாண். அவ்வளவு தள்ளி நின்னு எடு. கிட்டயும் போகாத, தூரமும் போகாத" என்று சொல்லியிருந்தார். அன்று முழுக்க நான் மணப்பெண்ணையே பார்க்கவில்லை, எனக்கும் அவளுக்கும் நடுவில் எங்கள் கட்டிலைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறுக்கே வந்த ஒரு பெரியம்மாவிடம், "கொஞ்சம் கட்டில விட்டு நகந்துக்குங்க" என்று வாய் தவறிச் சொல்லியும்விட்டேன். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்தது கேட்டது. படங்கள் நன்றாகவே வந்தன.

பிறகு ஒட்டுத்தாள் போய், வளையத்தை நானே திருப்பக் கற்று, டிஜிட்டல் வந்து, ஆட்டோஃபோகஸும் வந்தது. நான் அதை ஆரம்பத்திலிருந்தே வெறுத்தவள் என்று நீ நினைக்கிறாய். இல்லை. பொத்தானைப் பாதி அழுத்தினால் 'ப்பீ' என்று ஒரு சத்தம் போட்டுத் தானே தெளிவாவதைப் பார்த்த அன்று வீட்டில் இருந்த சட்டி பானையைக்கூட விடாமல் எடுத்தேன். நீ சோறு தின்பதை மட்டும் எத்தனை படம் எடுத்தேன் தெரியுமா? உன் அத்தா, "அவன நிம்மதியா திங்க விடு" என்று கேமராவைப் பிடுங்கி வைத்தார்.

அப்போதுதான் எலப்புள்ளியில் அந்தக் கல்யாணம் வந்தது. பெண்ணின் சின்னம்மா, மைமூன் என்று பெயர். நான் பையை இறக்கி வைப்பதற்குள் என்னிடம் வந்து, "அக்கா, என்ன மட்டும் எடுத்தராதீங்க. எனக்குப் புடிக்காது" என்றாள். இது நம் பெண்கள் பக்கத்தில் புதிதல்ல. எல்லாக் கல்யாணத்திலும் சிலர் வந்து சொல்வார்கள், அந்த முகங்களை நான் மனதில் வைத்துக்கொள்வேன். சரி என்றேன். கருகமணி கட்டும் நேரம், ஸலவாத்து ஓதிக்கொண்டிருக்கிறார்கள், மாமியார் மணியைக் கையில் எடுத்தாயிற்று, பெண்ணின் தலையில் மல்லிகைச் சரம் கனமாகத் தொங்குகிறது. பின்னால் கொக்கி மாட்ட இடமில்லை. சட்டென்று மைமூன் முன்னாலிருந்து குனிந்து அந்தச் சரத்தைத் தூக்கிப் பிடித்தாள். குனிந்ததில் அவள் தலைத்துணி நழுவிவிட்டது. நான் பொத்தானை அழுத்தினேன், 'ப்பீ' என்றது. அது சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அடுத்தடுத்து அழுத்தினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மணப்பெண் மங்கல், மணி மங்கல், மைமூனின் முகம் மட்டும் இமை மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்குத் தெளிவு. கேமராவைக் குறை சொல்ல முடியாது. கிட்டே இருப்பதைப் பிடி என்று அதைச் செய்து வைத்திருக்கிறார்கள், அது பிடித்தது. வேண்டாம் என்று யார் சொன்னார்கள் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

கருகமணிக்கு வேறு படம் இல்லாததால் அதையே ஆல்பத்தில் வைத்துக் கொடுத்துவிட்டோம். ஆல்பம் வீடு வீடாகப் போனது. ஒருநாள் மைமூன் ஸ்டுடியோவுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "படம் அழகாத்தான் இருக்குது அக்கா. என்ன யாரும் இவ்வளவு நல்லா எடுத்ததில்ல. ஆனா நான் சொல்லியிருந்தேனே" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த வீட்டுக்காரர்களிடம் பேசி ஆல்பத்தைத் திரும்ப வாங்கி, அந்தப் பக்கத்தை எடுத்தோம். கம்ப்யூட்டரில் இருந்ததை அவள் பார்க்கவே அழித்தோம். அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கும் கருகமணி கட்டும் படம் கிடையாது.

அதற்குப் பிறகு நான் வளையத்துக்கே திரும்பிப் போனேன். பழசின் மேல் இருக்கும் பிடிவாதம் என்று நீ உன் கூட்டாளிகளிடம் சொல்வாயாம். பிடிவாதம் இருக்கிறதுதான், ஆனால் பழசுக்காக அல்ல. அந்த லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்து வைத்தால் ஒரு விரல் கனத்துக்குத்தான் தெளிவு இருக்கும். அந்த விரல் கனத்தை மணியின் மேல் வைத்துவிட்டுக் காத்திருப்பேன். குறுக்கே குனிகிறவள், பின்னால் எட்டிப் பார்க்கிறவள் எல்லோரும் வெறும் நிறமாகக் கரைந்துவிடுவார்கள். வேண்டாம் என்று சொன்னவளுக்கு அதுவே முக்காடு. "அவங்க எடுத்தா பயமில்ல" என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் பாலக்காடு டவுன் வரைக்கும் எனக்கு வேலை வந்தது. இதில் நான் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. நான் ஒளிந்துகொள்கிறேன் என்று நீ சொன்ன பிறகு பழைய ஆல்பங்களைப் புரட்டிப் பார்த்தேன். மணி தெளிவு, பெண்ணின் கழுத்து தெளிவு. கட்டுகிற மாமியார் ஒருத்தியின் முகம்கூட எதிலும் தெளிவாக இல்லை.

உன் அத்தா மவுத்தாகி, நான் நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்து முடித்து வெளியே வந்தபோது, இனி யார் என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று பயந்தேன். கூப்பிட்டார்கள். எல்லோரும் கூப்பிட்டார்கள். எனக்கு அது ஆச்சரியமாகவே இருந்தது. மருதாணி வைக்கிற இடத்திலிருந்து மணப்பெண்ணின் பெரியம்மா ஒதுங்கி உட்கார்ந்திருப்பார், அவரும் என்னைப் போல் புருஷனைப் பறிகொடுத்தவர்தான். நானோ மணப்பெண்ணின் மூக்குக்கு நேராக நின்றுகொண்டிருப்பேன். கருகமணிக்கு இரண்டு முழம் தள்ளி நான் நிற்கலாம், தொடத்தான் கூடாது. கேமரா கையில் இருக்கும்வரை நான் தாலியறுத்தவள் இல்லை, போட்டோக்காரம்மா. அந்தப் பெயர் எனக்குப் பிடித்துப்போயிற்று. வீட்டு விசேஷங்களுக்கும் கேமராவோடு போனேன். சாப்பிட உட்காரும்போதுகூட அது மடியில் இருக்கும். எனக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்தது என்று உனக்குச் சொன்னதில்லை.

நிச்சயத்தன்று ஓடவிட ஒரு வீடியோ செய்தாயே, அதற்கு என் படம் தேடினாய். உன் அத்தா இருந்தபோது எடுத்தது இருந்தது. அவருக்குப் பிறகு எடுத்ததில் ஒன்றுகூடத் தேறவில்லை என்றாய். ஒன்றில் நான் யாருக்கோ பின்னால் மங்கலாக நிற்கிறேன், இன்னொன்றில் பீரோக் கண்ணாடியில் பாதி முகம், மீதி கேமரா. "எல்லார் ஊட்டு ஆல்பமும் நம்ம கடையிலதான். நம்ம அம்மாவுக்கு ஒரு படம் இல்ல" என்று நீ சொன்னபோது நான் ஏதோ கேலி பேசிச் சமாளித்தேன். அன்று உன் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

உன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் நேர்மை தவறினவள் ஆவேன். போன வருஷம் ஒரு கல்யாணத்தில் பெண் மாடிப்படி இறங்கி வந்தாள். நான் வளையத்தைத் திருப்பித் திருப்பி அவளைத் துரத்தினேன். அவள் ஒவ்வொரு படியாக இறங்க இறங்க என் தெளிவு அவளுக்கு ஒரு படி பின்னாலேயே நின்றது. ஒரு படம் தேறவில்லை. அவளைத் திரும்ப மேலே ஏறச் சொல்லி இறங்க வைத்தேன், சிரித்துக்கொண்டே ஏறினாள், அவளுக்குப் பெரிய மனசு. நகர்கிறவர்களுக்கு உன் லென்ஸ்தான் சரி. என் கண்ணும் முன்னைப்போல் இல்லை. படைத்தவன் கண்ணுக்குள் வைத்து அனுப்பிய ஆட்டோஃபோகஸ் உனக்கு இன்னும் ஓடுகிறது, எனக்கு அது நின்று வருஷக்கணக்காகிறது. ஊசியில் நூல் கோர்க்கக் கையை நீட்டி நீட்டித் தூரம் பார்க்கிறேன். நீயும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எஸ்டேட் ரோட்டில் மஞ்சு மூடுபனியாக இறங்கிய அன்று உன் லென்ஸ் எதையும் பிடிக்க முடியாமல் முன்னும் பின்னும் அலைந்ததும், அங்கே படம் எடுத்துக்கொள்ள வந்த ஜோடியை நீ கையால் வளையம் திருப்பி எடுத்ததும் எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை, நீ கட்டிக்கொள்ளப் போகிற ஷாஹினா சொன்னாள்.

ஷாஹினா பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன், கோபப்படாதே. மூணாறு பஜாரில் அவர்கள் துணிக்கடைக்கு நாம் போயிருந்த அன்று, கடை வாசலில் அவளை நிற்க வைத்துப் படம் எடுத்தாய். இந்தப் பக்கம் திரும்பு, தாடையைத் தூக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தாய், வேலையில் பழகிய வாய். அவள், "இந்தப் பக்கம் வேண்டாமே, தழும்பு தெரியும்லா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். உனக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. அவள் தாடைக்குக் கீழே சின்ன வயதில் பட்ட தழும்பு இருக்கிறது, நீ அதைக் கவனித்திருக்கவே மாட்டாய், உனக்கு அவள் முழுக்க அழகுதான். படமும் அழகாகத்தான் வந்தது. ஆனாலும் அவள் சொன்னாள். தினமும் அவளோடு இருக்கப் போகிறாய். அவள் மெதுவாகச் சொல்வதுதான் உனக்கு முதலில் கேட்க வேண்டும். கல்யாணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த புத்திமதி இவ்வளவுதான், இதற்கு மேல் உன் அத்தாவும் நானும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

இதை எழுதும்போதே எனக்குத் தோன்றியது, நானும்தானே வேண்டாம் என்று சொன்னேன்? அம்மாவை முன்னால் இழுத்து நிறுத்தப் பார்க்கிற நீயும், மைமூனைப் பிடித்த அந்தக் கேமரா மாதிரிதானே? நேற்றுச் சாயங்காலம் வரை நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மதினி வந்தார். டவுனில் செய்யக் கொடுத்திருந்த கருகமணியை வாங்கிக்கொண்டு நேராக இங்கே வந்திருந்தார். கறுப்பு மணிக்கு நடுவில் தங்கக் குண்டு கோர்த்து நன்றாகவே செய்திருக்கிறார்கள். அதை எடுத்துக் கொக்கியைத் திறந்து பார்த்தார். திறக்க வரவில்லை. அவர் விரல் முட்டெல்லாம் வீங்கியிருப்பது உனக்குத் தெரியும். "கொக்கிய இத்துனூண்டா வெச்சிருக்கான் பாரு. இத அத்தன பேரு முன்னால எப்படி மாட்டறது?" என்று என்னிடம் நீட்டினார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் வெளிச்சத்தில் இருந்த தண்ணிக் கூஜாவின் கழுத்தில் அதைச் சுற்றி மாட்டிப் பார்த்தேன். முதல் தடவை வழுக்கியது. உண்மையைச் சொல்கிறேன், மண்டபத்தில் அந்தக் கொக்கி வழுக்குமே என்ற பயமும் என் வேண்டாமுக்குள் கொஞ்சம் இருந்தது. இரண்டாவது தடவை மாட்டிக்கொண்டது. கூஜாவுக்குக் கலியாணம் ஆச்சு என்று மதினி சிரித்தார். அப்போதுதான் அலமாரி மேலே இருந்த பெட்டியைப் பார்த்தார். "அதென்ன?"

"உங்க மருமவன் அனுப்பிருக்கான். லென்சு."

"மேல வெச்சு என்ன பண்ணறது? எறக்கு."

இறக்கினேன். கேமராவில் மாட்டினேன். மதினி அதை வாங்கிக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வாழ்நாளில் கேமரா பிடித்ததில்லை. என் பழைய லென்ஸ் இருந்தபோது நான் கொடுத்ததும் இல்லை, கொடுத்தாலும் அவரால் அதில் ஒன்றும் பார்க்க முடியாது, எல்லாம் மங்கலாகத் தெரியும். "இத எங்க அமுக்கறது?" என்றார். நான் கூஜாவிலிருந்து மணியைக் கழற்றிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், "அந்தக் குமிழ அமுக்குங்க. மத்தத அதுவே பாத்துக்கும்" என்றேன். சொன்ன பிறகுதான், நீ போனில் சொன்னதையே நானும் சொல்லிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது. அதற்குள் அவர் அமுக்கிவிட்டார்.

அந்தப் படத்தை நீ பார்க்க வேண்டும். கூஜா மங்கல். மணி பாதித் தெளிவு. கண்ணாடி மூக்கில் இறங்கி, நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கொக்கியோடு மல்லுக்கட்டுகிற நான்தான் அதில் தெளிவு. நரை, கண்ணுக்குக் கீழே சுருக்கம், நெற்றியில் ஒட்டியிருந்த மாவு, எல்லாம். என் முகத்தை இவ்வளவு தெளிவாகப் பார்த்து எத்தனை காலமாயிற்று. மதினி திரையை முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்து, "இதாரு? எங்க தம்பி கட்டீட்டு வந்த புள்ளையா இவ்வளவு நரச்சுப் போச்சு?" என்றார். கேலியாகத்தான் ஆரம்பித்தார், ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. "அழிச்சரட்டுங்களா மதினி?" என்றேன். "எதுக்கு அழிக்கோணும்?" என்றார். பிறகு என் தலைத்துணியை இழுத்துச் சரி செய்துவிட்டு, "அன்னிக்கு ரெண்டு பக்கமும் பின்னு குத்திக்க. குனிஞ்சு கட்டறப்ப வழுகிரும்" என்றார்.

நீ கட்டு என்றும் அவர் சொல்லவில்லை, நான் கட்டவில்லை என்றும் சொல்லவில்லை. மதினி சம்மதம் கொடுப்பது எப்போதும் இப்படித்தான், உன் அத்தாவை நான் கட்டிக்கொள்ளவும் இப்படித்தான் கொடுத்தார். "யாராச்சும் ஏதாச்சும் சொன்னா?" என்று நான் கேட்டேன். கேமராவை மார்போடு பிடித்துக்கொண்டு, "சொல்லிப் பாக்கட்டும். கேமரா எங்கையிலதான இருக்குது, சொல்றவ மூஞ்சிய எடுத்துப்போடுவேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. மதினி நான் அழுததைப் பார்க்காதவர் மாதிரி ஜன்னல் வழியாகக் கோழியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் போன பிறகுதான் எனக்கு விளங்கியது, சாதிக். என் பழைய லென்ஸை என்னைத் தவிர யாரும் கையாள முடியாது. அது இருக்கும்வரை படம் எடுக்க நான்தான் வேண்டும், படம் எடுக்க நான் வேண்டும் என்றால் கருகமணி கட்ட நான் வர முடியாது. அந்தக் கணக்கில் நான் பத்திரமாக இருந்தேன். உனக்கு அது தெரிந்திருக்கிறது. இந்த லென்ஸை நீ எனக்கு எடுப்பதற்காக அனுப்பவில்லை. வேறு யாராவது ஒருத்தி, ஒன்றுமே தெரியாத ஒருத்தி, என்னை எடுப்பதற்காக அனுப்பியிருக்கிறாய். அதை நேராகச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று, எதுவும் எழுதாமல் பெட்டியை மட்டும் அனுப்பியிருக்கிறாய். உன் அத்தா ஒட்டுத்தாள் ஒட்டிக் கேமராவை என் கையில் கொடுத்தார், நீ அதை என் கையிலிருந்து வாங்கப் பார்க்கிறாய். இரண்டும் ஒரே பிரியம்தான் என்று எனக்குத் தெரிகிறது.

மைமூனின் வேண்டாம் அவளுடையது. அவள் யோசித்து, தன் வாயால் சொன்னது. அதை மீற யாருக்கும் உரிமை இல்லை. என் வேண்டாம் என்னுடையதுதானா என்று நேற்றுப் படத்தைப் பார்த்தபோது என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை. மண்டபத்தில் யாரோ சொல்லப் போவதை நானே முந்திச் சொல்லி வைத்திருந்தேன். எனக்குக் கட்ட ஆசை. நீ பிறந்த நாளிலிருந்து ஆசை. உனக்கு வரப்போகிறவளின் கழுத்தில் என் கையால் மணி ஏற வேண்டும் என்று, ஒவ்வொரு கல்யாணத்திலும் மற்றவர்கள் கட்டுவதை இரண்டு முழம் தள்ளி நின்று எடுக்கும்போதெல்லாம் ஆசைப்பட்டிருக்கிறேன். இப்போது சொல்லிவிட்டேன்.

எனவே நீ ஏற்பாடு செய்ய வேண்டியதைக் கேட்டுக்கொள். கருகமணியை நான் கட்டுகிறேன். அந்த நேரத்துக்கு மட்டும் கேமரா மதினி கையில், உன் லென்ஸோடு. அதற்கு முன்னும் பின்னும் என் பழைய லென்ஸ்தான், அதை நீ வாய் திறக்காமல் பொறுத்துக்கொள்ள வேண்டும். கண்டவர் முகத்தையெல்லாம் தேடிப் போகாதபடி, நடுவில் இருக்கிற ஒரு புள்ளியை மட்டும் பிடிக்கும்படி நான் அமைத்துக் கொடுத்துவிடுவேன். மதினி அந்தப் புள்ளியை என் மேல் வைத்தால் போதும், தினமும் கோழியை வைத்துப் பழகச் சொல்லியிருக்கிறேன். படம் வேண்டாம் என்கிற பெண்களை முன்கூட்டியே கேட்டு அந்த நேரம் மதினிக்குப் பின்னால் நிற்க வைக்கும்படி ஷாஹினாவின் அம்மாவிடம் சொல். ஷாஹினாவிடம் எந்தப் பக்கம் வேண்டும் என்று நீயே கேட்டு எனக்குச் சொல். நான் கேட்டால் மாமியாருக்குப் பயந்து எந்தப் பக்கமும் சரி என்பாள்.

இன்னும் ஒன்று. மைமூன் மாதிரி நானும் முதலிலேயே சொல்லி வைக்கிறேன். கொக்கி ஒரு தடவை வழுக்கும், இரண்டாவது தடவை மாட்டிவிடுவேன், யாரும் அவசரப்படுத்தக் கூடாது. தலைத்துணிக்கு இரண்டு பக்கமும் பின் குத்திக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் மதினியைப் பார்த்துத் தலையசைப்பேன்.

அதற்குப் பிறகு என்னை எடுக்கலாம்.

அம்மா